ஆவாரம்பட்டையும் ரண வைத்தியமும்

திண்டுக்கல் என்றவுடன் பூட்டு நினைவுக்கு வரும். சுருட்டு நினைவுக்கு வரும். ஊரின் ஓரங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர்களுக்குத் தோல் ஷாப்பும் நினைவுக்கு வரும். இம்மூன்று கைத்தொழில்களிலும் மிக இழிவாக எண்ணப்பட்டு வந்தது மூன்றாவதுதான். அத்தொழிலின் தொட்டியடியிலேயே, இன்று உலகத்து ரண வைத்தியர்களும் ரசாயன சாஸ்திரிகளும் தேடி அலையும் ஒரு பொருளின் இரகசியம் கிடக்கிறது என்று நாம் சொன்னால், வாசகர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் இதை முடிவு வரையில் வாசித்துவிட்டு நகைக்கும்படி வேண்டுகிறோம்.

அப்பொருள் யாது? சதையை ஒட்டும் பசை. ஒட்டுவது என்றால் காகிதத்தை ஒட்டுவது போலன்று. ஈரமான சதையின்மேல், இரத்தம் கசிந்து கொண்டிருக்கும்போதே, அது பற்றிக்கொள்ள வேண்டும். பற்றிய இடத்தில் கிருமிகளை வளரவிடலாகாது. புண் ஆறும் வரையில் தாங்கி, ஆறியபின் தானே கரைந்து போகவேண்டும். இத்தனைக்கும் நடுவே உடலுக்கு நஞ்சாகவும் கூடாது. இந்த நான்கு குணங்களும் ஒருங்கே அமைந்த பசை இன்னும் வைத்தியசாலைகளுக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு குணத்தையும் தனித்தனியே பெற்றவை உண்டு. நான்கையும் சேர்ப்பதே இப்போது நடக்கும் முயற்சி.

தையலின் குறைகள்

ஊசியும் நூலும் ரண வைத்தியத்தின் தொன்மையான ஆயுதங்கள். அவற்றால் ஆகாத இடத்தில் நம் முன்னோர் வேறு வழியும் கண்டார்கள். கிழிந்த குடலின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துக் கரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளியெறிந்து, தலையை மட்டும் தையலாக நிறுத்திவிடும் முறை சுசுருத சம்ஹிதையிலே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே பிராணிகளிடத்தில் வைத்தியம் கற்பது நமக்குப் புதிதன்று.

ஊசியின் குறை யாதெனில், ஒரு காயத்தை மூடுவதற்காக அது பல சிறு காயங்களை உண்டாக்குகிறது. ஒவ்வொரு துளையும் கிருமிக்கு ஒரு வாசல். நூலின் முறுக்கிலும் முடிச்சிலும் கிருமிகள் கூட்டமாய்ப் படிந்து, தம்மைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தை எழுப்பிக்கொண்டால், பிறகு மருந்து உள்ளே போவது அரிது. கல்லீரல் போன்ற மெல்லிய உறுப்பை நூல் அறுத்துவிடும். நுரையீரலில் தையல் துளை வழியே காற்றுக் கசியும். தைத்த புண் சீழ்ப்பிடித்து, கூலிவேலை செய்யும் குடியானவன் வாரக்கணக்கில் படுத்துவிட்டால், அக்குடும்பத்தின் அடுப்பு எரியாது என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சீழுக்கு மருந்து உண்டே என்பார்கள். அந்த மருந்துதான் இப்போது தோற்று வருகிறது. மருந்துக்கு அஞ்சாத கிருமிகளால் 2019-ம் வருஷத்தில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக மாண்டனர் என்று 2022-ல் லான்செட் வைத்தியப் பத்திரிகை கணக்கிட்டு வெளியிட்டது. நம் நாட்டு வைத்திய சங்கங்கள் 2012-ல் சென்னையில் கூடி, ‘சென்னைப் பிரகடனம்’ என்ற பெயரால் இவ்வபாயத்தை எடுத்துரைத்துப் பரிகாரமும் கூறின. கிருமியை மருந்தால் துரத்துவதைவிட, அது நுழையும் வாசலையே அடைப்பது மேல். அடைக்கும் பொருளே காவலாளியாகவும் இருந்துவிட்டால் இன்னும் மேல். இதுவே அப்பசையைத் தேடுவதன் முழுக்காரணம்.

இதுவரை கண்ட பசைகள்

பசைகள் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. அமெரிக்காவில் 1942-ல் ஹாரி கூவர் என்பவர் தற்செயலாகக் கண்ட சயனோஅக்ரிலேட் என்ற பசையே, நம் கடைவீதிகளில் சிறு குழாய்களில் விற்கும் உடனடிப் பசைக்குத் தாய். அதன் ஒரு வகையைத் தோலின் மேற்புறக் காயங்களுக்கு உபயோகிக்க அமெரிக்க சர்க்கார் 1998-ல் அனுமதி அளித்தது. அது விரைவில் பற்றும். ஆனால் இறுகும்போது வெப்பம் தரும். இறுகியபின் கண்ணாடிபோல் விறைத்து நிற்கும். சிதையும்போது பார்மால்டிஹைட் என்ற நஞ்சை வெளியிடும். ஆதலால் உடலின் உட்புறத்துக்கு அது தாராளமாக உதவுவதில்லை.

இரத்தம் உறையும் முறையையே பின்பற்றிய பைப்ரின் பசை சாதுவானது. உடலோடு ஒத்துப்போவது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய விஞ்ஞான நிலையத்தார் அதை இந்நாட்டிலேயே செய்யும் முறையை வகுத்திருக்கிறார்கள். ஆனால் அதன் பிடி பலவீனமானது. மனித இரத்தத்திலிருந்து எடுக்கவேண்டியிருப்பதால் விலை அதிகம். குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்கவும் வேண்டும். மின்சாரம் நின்று நின்று வரும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது ஏற்றதன்று.

எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினோடு ரிசார்சினாலும் பார்மலினும் கலந்த பசையொன்றும் ஐரோப்பாவில் பெருநாளக் கிழிசலுக்கு வழங்கிற்று. அது நன்றாகப் பிடித்தது. பார்மலின் அக்கம்பக்கத்துச் சதையையும் கெடுத்தது. சாதுவான பசை பிடிப்பதில்லை, பிடிக்கும் பசை சாதுவாயில்லை. இந்தச் சங்கடத்தில்தான் சாஸ்திரிகள் கடற்கரைக்குப் போனார்கள்.

சிப்பியின் பாடம்

குளச்சல் முதலிய கன்னியாகுமரிக் கரைகளில் செம்படவர்கள் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைப் பெயர்த்தெடுப்பதைப் பலர் கண்டிருக்கலாம். ஓயாது அலை மோதும் பாறையில், உப்பு நீருக்குள்ளேயே, அச்சிப்பி மெல்லிய நூல்களை விட்டு ஒட்டிக்கொள்கிறது. நம் கைப்பசைகள் ஈரத்தைக் கண்டால் தோற்கின்றன. சிப்பியின் பசைக்கோ ஈரமே பிறந்த வீடு.

அதன் மர்மத்தை 1981-ல் அமெரிக்கரான ஹெர்பர்ட் வெய்ட் என்பவர் வெளிப்படுத்தினார். சிப்பி நூலின் புரதத்தில் ‘டோபா’ என்ற ஓர் அணுக்கூட்டம் நிறைந்திருக்கிறது. ஆறு கரியணுக்கள் சேர்ந்த ஒரு வளையம். அவ்வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்ஸில் கைகள். இந்த இரட்டைக் கை நீரை விலக்கிக்கொண்டு பாறையின் உலோக அணுக்களைப் பற்றும், புரதத்தையும் பற்றும், தன் இனத்தோடும் பின்னிக்கொள்ளும். ஒரு கை நழுவினால் மறுகை பிடிக்கும். 2007-ல் மெஸ்ஸர்ஸ்மித், ஹேஷின் லீ முதலானோர், இதே இரட்டைக் கையுள்ள டோபமின் என்ற எளிய பொருளின் கரைசலில் எதை முக்கினாலும் அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு படிகிறது என்று காட்டினார்கள். அதன்பிறகு இவ்வாராய்ச்சி நாடெங்கும் பரவிற்று. 2017-ல் ஓடில்லாத நத்தையொன்றின் பிசுபிசுப்பைப் பின்பற்றி, இரத்தம் பட்ட இதயத்தின்மேலும் ஒட்டும் ஒரு பசையை ஹார்வர்டு சர்வகலாசாலையார் செய்தனர். 2021-ல் கப்பலடியிலே ஒட்டும் கொட்டலசுப் பிராணியைப் பார்த்து, பாயும் இரத்தத்தையும் நிறுத்தும் ஒரு களிம்பு அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. இவை யாவும் மிருகங்களிடத்தில் சோதிக்கப்பட்ட அளவிலேயே வெளிவந்தவை என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறோம்.

கிருமியை எதிர்க்கும் குணம் இவற்றோடு எப்படிச் சேருகிறது? வழிகள் சில உண்டு. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோஸான் என்ற பொருள் நேர்மின் தன்மையுடையது. கிருமியின் மேலுறையோ எதிர்மின் தன்மையுடையது. ஒன்று மற்றதைக் கவ்வி உறையைக் கிழித்துவிடுகிறது. கைட்டோஸானால் செய்த இரத்தம் நிறுத்தும் கட்டுகளை இந்தியக் கம்பெனியாகிய ஆக்ஸியோ பயோசொல்யூஷன்ஸ் இப்போதே விற்று வருகிறது. மற்றொரு வழி வெள்ளி: சிப்பியின் இரட்டைக் கை வெள்ளி உப்பைத் தொட்டவுடன் அதைப் பொடியிலும் பொடியான உலோகத் துகளாக மாற்றித் தன்னோடு பிடித்துவைத்துக் கொள்ளும், அத்துகள் சிறுகச் சிறுகக் கிருமியைக் கொல்லும். மூன்றாவது வழிதான் நம்மைத் திண்டுக்கல்லுக்குத் திருப்பி அழைத்து வருகிறது.

தொட்டிக்குள் இருந்த ரசாயனம்

பச்சைத்தோல் இரண்டு நாள் வெளியிலே கிடந்தால் அழுகி நாறும். அதையே ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்காக ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் காட்டி எடுத்தால், வருஷக்கணக்காக அழுகாது. ஏன்? பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் கொலாஜென் நார்களை ஒன்றோடொன்று பற்றவைத்துவிடுகிறது. கிருமிக்கு இரையாகாதபடி அவற்றை மூடியும் விடுகிறது. பதனிடுதல் என்பது இவ்விரண்டும்தான். சதை நாரோடு ஒட்டுவது ஒன்று, கிருமியை அண்டவிடாதது மற்றொன்று. ரண வைத்தியன் வேண்டும் குணங்களில் இரண்டு அங்கேயே இருக்கின்றன அல்லவா?

இது உவமையன்று, ரசாயன உண்மையே. ஆவாரம்பட்டைத் துவர்ப்பிலும் ஆறு கரியணு வளையமும் அடுத்தடுத்த ஹைட்ராக்ஸில் கைகளும் இருக்கின்றன. கடுக்காய்த் துவர்ப்பில் அக்கைகள் மும்மூன்றாகவே வரும். கடலில் சிப்பி கண்ட உபாயத்தைக் கரையில் ஆவாரஞ்செடி தனித்துக் கண்டிருக்கிறது. 2015-ல் தென்கொரியாவில், மேற்சொன்ன ஹேஷின் லீயின் கூட்டத்தார், டானிக் அமிலம் என்ற சுத்தமான துவர்ப்புச் சத்தையும், வைத்தியத்தில் வழங்கும் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொருளையும் வெறுமனே கலந்தே ஈரச்சதையில் ஒட்டும் ஒரு பசையைச் செய்து காட்டினார்கள். சிப்பிப் புரதத்தைச் செய்வது பெருஞ்செலவு. துவர்ப்போ மரப்பட்டை விலைக்குக் கிடைப்பது. அதற்குப்பின் ஜெலட்டினோடும் கைட்டோஸானோடும் துவர்ப்பைச் சேர்த்துப் பல தேசங்களில் ஆராய்ந்து வருகிறார்கள். துவர்ப்பு கிருமியின் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. கிருமி வளர்வதற்கு வேண்டிய இரும்புச் சத்தையும் தன்னிடம் பிடித்துவைத்துப் பட்டினி போடுகிறது. கொல்லும் வழி பலவாகையால், ஒரே வழியில் கொல்லும் மருந்தை எதிர்த்துப் பழகுவதுபோல இதை எதிர்த்துக் கிருமி எளிதிற் பழகாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

ஊரின் புண்

இவ்வளவும் அறிந்தபின், தொட்டியிலிருந்த ஆவாரம்பட்டை என்னவாயிற்று என்று கேட்கவேண்டும். வாரக்கணக்கில் ஆகும் வேலையை ஓரிரு நாளில் முடித்துத் தரும் குரோமிய உப்பு வந்தது, பட்டை பின்வாங்கிற்று. குரோமியமும் உப்பும் கலந்த கழிவுநீர் நிலத்தில் இறங்கிற்று. வேலூர்ப் பொதுநல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பைச் சட்டம் பயின்றவர் அனைவரும் அறிவர். அழுக்காக்கியவனே ஈடுசெய்ய வேண்டும், அபாயத்தை முன்னறிந்து தடுக்கவும் வேண்டும் என்ற இரு நியாயங்களையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. அத்தீர்ப்பிலேயே திண்டுக்கல்லைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பதின்மூன்று கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தனவாம். குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த கிணறுகள்! தோலை அழுகாமற் காத்த தொழில் ஊர்த்தண்ணீரை அழுக விட்டது.

தொழிலாளியின்மேல் நாம் பழி சுமத்தவில்லை. சுண்ணாம்பிலும் உப்பிலும் கைகால் வெந்து புண்ணாகி நின்றவன் அவனே. தொழிலை மூடிவிடுக என்று சொல்வதும் நமது கருத்தன்று. பதனிட்ட தோலாக, அதுவும் குறைந்த லாபத்துக்குச் சரக்கை அனுப்பிவிட்டு நஞ்சை மட்டும் ஊரிலே வைத்துக்கொள்ளும் வியாபாரம் ஊருக்கு என்ன தந்தது என்றே கேட்கிறோம். நாம் அனுப்பும் தோலும் இறால் ஓடும் பட்டையும் சுத்திகரிக்கப்பட்டு, அழகிய உறையில் புண்கட்டாகவும் பசையாகவும் திரும்பி வந்து, ஏழை நோயாளிக்கு எட்டாத விலையில் நம் ஆஸ்பத்திரிகளிலே விற்கப்படுவதில் என்ன பெருமை?

இதற்கு மாறான உதாரணம் நம் கண்முன் இருக்கிறது. 1948-ல் சென்னையில் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார், தோல் தொழிலில் வீணாகும் கொலாஜெனைச் சுத்தி செய்து, தீப்புண்ணின்மேல் இடும் மெல்லிய தகடுகளாக்கும் முறையைக் கண்டனர். செருப்புக்குப் போகும் பொருளே மனிதத் தோலுக்கு மாற்றாகலாம் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். மீதி வழியை நாம் நடக்கவேண்டும்.

கண்ணிழக்கும் உழவர்

அவசரம் என்ன என்பார்க்கு ஒரு கணக்குச் சொல்வோம். கதிர் அடிக்கும்போது நெல் சுணையோ உமியோ உழவன் கண்ணிலே கீறுகிறது. மண்ணோடு வந்த கிருமியும் காளானும் அக்கீறலில் இறங்குகின்றன. கருவிழி புண்ணாகிறது, சிலருக்குத் துளையே விழுந்துவிடுகிறது. திண்டுக்கல் ஜில்லா 1985-ல் பிரியும் வரையில் சேர்ந்திருந்த மதுரை ஜில்லாவில், அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வைத்தியர்கள் 1993-ம் வருஷத்துக்கு எடுத்த கணக்கின்படி, பதினாயிரம் பேருக்கு 11 பேருக்குமேல் அவ்வருஷம் கருவிழிப் புண் கண்டது. திண்டுக்கல் சமவெளியின் நெல்வயலும் கடலைக்கொல்லையும் இதற்கு விலக்கல்ல.

துளைவிழுந்த கருவிழியை, மாற்றுக் கருவிழி கிடைக்கும் வரையில், வைத்தியர்கள் சயனோஅக்ரிலேட் பசையால் அடைத்து வைக்கிறார்கள். அதனால் காப்பாற்றப்பட்ட கண்கள் பல. ஆயினும் அது விறைத்து இமையை உறுத்தும். மேலே ஒரு மெல்லிய கண்வில்லையும் இட்டாக வேண்டும். மிருதுவாய், தெளிவாய், கிருமிக்கும் காளானுக்கும் இடங்கொடாததாய் ஒரு பசை கிடைக்குமானால் யாருக்கு லாபம்? 2019-ல் அமெரிக்காவில் ஜெலட்டினிலிருந்தே, ஒளி பட்டால் இறுகும் கருவிழிப் பசையொன்றைச் செய்து முயலின் கண்ணில் வெற்றி கண்டார்கள். முயலுக்குப் பலித்தது உழவனுக்குப் பலிப்பதற்குப் பல படிகள் உண்டு. ஆனால் ஜெலட்டின் நமக்கு அந்நியப் பொருளா?

ஓர் எச்சரிக்கை

இதை வாசித்துவிட்டு யாரும் ஆவாரம்பட்டைக் கஷாயத்தைக் காய்ச்சித் திறந்த புண்ணில் ஊற்றவேண்டாம். சரித்திரம் இதில் ஒரு பாடம் புகட்டியிருக்கிறது. 1925-ல் டேவிட்ஸன் என்ற அமெரிக்க வைத்தியர் தீப்புண்ணுக்கு டானிக் அமிலம் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். புண் காய்ந்து ஓடுகட்டிற்று. உலகமெங்கும் அம்முறை பரவிற்று. பின்னர், புண்வழியே மிகுதியாக உடலில் இறங்கும் அச்சத்து கல்லீரலைக் கெடுக்கிறதென்ற சந்தேகம் எழுந்து, 1940-களில் அது கைவிடப்பட்டது. ஆகவே அளவு முக்கியம், சுத்தி முக்கியம், துவர்ப்பைப் பசையின் பின்னலுக்குள் கட்டிவைத்து மெல்ல விடுவது முக்கியம். பழமை என்பதனாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. மேல்நாட்டுப் பத்திரிகையில் வந்தது என்பதனாலும் ஆகிவிடாது. ஆராய்ச்சிசாலைக் கிண்ணத்தில் கிருமி மடிவது வேறு, மனிதன் புண்ணிலே மடிவது வேறு. 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்தின்கீழ் ஏற்பட்டு 2018 ஜனவரி முதல் அமலிலிருக்கும் வைத்தியக் கருவி விதிகள், இத்தகைய பொருள்களை அபாயத்துக்கேற்ப வகுத்துச் சோதனை கேட்கின்றன. அச்சோதனையைத் தொந்தரவு என்று கருதுகிறவர் இத்தொழிலுக்குத் தகுதியற்றவர்.

செய்யவேண்டுவது

இனி நமது யோசனையைச் சுருங்கச் சொல்வோம். திண்டுக்கல்லுக்கு இப்போது எதுவும் குறைவில்லை. 1947-ல் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் சின்னாளபட்டிக்கு அருகே சர்வகலாசாலை அந்தஸ்தோடு நிற்கிறது. அங்கே ரசாயன சாஸ்திரம் கற்பிக்கிறார்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. பட்டையின் குணத்தைக் கைவிரலால் அறிந்த பதனிடும் தொழிலாளர் இருக்கிறார்கள். ஆவாரை வறண்ட புறம்போக்கிலும் தழைக்கும். கொடைக்கானல் மலைமேல் ஒருகாலத்தில் பட்டைக்காகவே நட்ட வேட்டில் மரம், புல்வெளியையும் சோலையையும் விழுங்கிப் பரவி, அதை எப்படி அகற்றுவதென்று வன இலாகா திகைக்கும்படி நிற்கிறது. அதன் பட்டையிலும் இதே துவர்ப்புத்தான்.

இல்லாதது சேர்க்கை ஒன்றே. ரசாயனச் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தோல் ஷாப்புக்கும் நடுவே நடந்து போகக்கூடிய தூரமில்லை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. முதலில், நம் பட்டைகளின் துவர்ப்பைப் பருவந்தோறும் பிரித்து அளந்து, எது எவ்வளவு சுத்தியில் கிடைக்கிறதென்று கணக்கெடுக்க வேண்டும். இரண்டாவது, நம் ஆஸ்பத்திரிகளில் சீழ்ப்பிடிக்கும் தையல்களில் எந்தக் கிருமி குடியேறுகிறதென்று எழுதிவைத்து, அதே கிருமிகளின்மேல் பசைகளைச் சோதிக்க வேண்டும். மூன்றாவது, குளிர்ப்பெட்டியில்லாமல் சித்திரை வெயிலிலும் கெடாததாக ஒன்றைச் செய்வதையே குறிக்கோளாகக் கொள்ள வேண்டும். மேல்நாட்டார் இதை நமக்காகச் செய்யமாட்டார்கள், அவர்களுக்கு அந்த வெயில் இல்லை. நான்காவது, பலித்ததோடு பலிக்காததையும் வெளியிட வேண்டும். எல்லாவற்றுக்கும்மேல், பட்டை காய்ச்சிய கழிவுநீர் ஒரு சொட்டும் கிணற்றில் இறங்காதபடி முதல் நாளிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒருவன் புண்ணை ஆற்ற மற்றொருவன் கிணற்றைக் கெடுப்பது வைத்தியமன்று.

ஜில்லாவின் பொதுக்காரியங்களில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் தீர்மானங்கள் போடும்போது, சாலைக்கும் சாக்கடைக்கும் இடையே இதற்கும் ஓர் இடம் கொடுங்கள். சட்டசபை அங்கத்தினர் வந்தால், வைத்தியக் கல்லூரியில் இதற்கு ஒரு சிறு ஆராய்ச்சிசாலையும் மூன்று சம்பளமும் கேளுங்கள். தோல் முதலாளிகளிடம், லாபத்தில் ஒரு பங்கு இதற்கு வைக்கும்படி சொல்லுங்கள். கேட்பது பெரிதன்று, கேளாதிருப்பதே பெருங்குறை. இன்று கேட்டால் பத்து வருஷத்தில் ஒருவேளை ஒரு பசை கிடைக்கும். கேட்காவிட்டால் பத்து வருஷம் கழித்து அதையே வெளிநாட்டு உறையில் வாங்கி, பட்டை யாருடையது என்று வியந்து பேசிக்கொண்டிருப்போம்.